மூத்தாள் படம்

ஆவுடைநாயகத்தின் முன்னால் ஒரு படத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் வேளைக்குச் சாப்பாடு கிடையாது. கிளி எதற்கு, கிளியின் மூக்கு ஏன் கிழக்கே பார்க்கிறது, அந்த மூக்கில் ஏன் பழம் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். கொஞ்சம் வியப்பில், மீதி பசியில்.

வயது ஐம்பத்தெட்டு. சித்திரத்துக்குப் பொருள் சொல்வதில் அந்தச் சீமையிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். அவ்வளவு பேர் வாங்கியவர் ஆறு வருஷமாக உலகம்மையிடம் சீடராக இருந்தார். உலகம்மைக்கு நாற்பத்திரண்டு வயதுதான். மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். சமையல், பெருக்கல், கேள்வி கேட்க வருகிறவர்களுக்குப் பதில், எல்லாம் அந்த அம்மையே. பாதிப் பேரைப் பதில் சொல்லாமலே அனுப்பிவிடுவதும் உண்டு.

தன்னைவிடப் பதினாறு வயது இளையவளைக் கும்பிடுவதில் நாயகத்துக்கு ஒரு ரகசியப் பெருமை. அடக்கத்தைக்கூட நாலு பேர் கண்ணில் படும்படிதான் வைத்துக்கொள்வார்.

அன்று காலை அவர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் கதவு அளவுக்கு ஒரு படம், வெள்ளைத் துணி சுற்றி. கூடவே மேலக்கரிசல் ஜமீனின் காரியஸ்தர் இருளப்பர். வண்டிக்காரனும் இருளப்பருமாகப் படத்தைத் தூக்கிவந்து மடத்துக் கூடத்தில் சுவரோரம் சாய்த்தார்கள். பிறகு வெளியே போய் இலுப்பை மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடத் தொடங்கினார்கள்.

அம்மை முறத்தில் வாழைப்பூவைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன நாயகம், யார் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்?"

"படம், அம்மை. ஜமீன்தாரின் மூத்தாள்."

"செத்துப்போனாளே, அவளா?"

"ஆமாம். போன ஐப்பசியில்." நாயகம் மேல்துண்டை எடுத்து மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வடிவைக் கேட்டு வந்திருக்கிறார்கள்."

வடிவு அவருடைய ஒரே மகள். தாய் இல்லாத பெண். பத்தொன்பது வயது.

மேலக்கரிசலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தாரம் இறந்து இரண்டாம் தாரம் பேசும்போது, மூத்தாளின் படம் பெண் வீட்டுக்கு வரும். பெண்ணின் தகப்பன் படத்தின் முன் நின்று, அவள் எப்படி வாழ்ந்தாள் என்று தன் வாயால் சொல்லவேண்டும். அதற்கு மூத்தாள் சொல் என்று பெயர். சொன்ன பிறகுதான் பூ, பூவுக்குப் பிறகுதான் தாம்பூலம். பெரிதாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. மகராசி, நிறைவாக வாழ்ந்தாள் என்றால் போதும். ஆனால் சொல் இல்லாமல் சம்பந்தம் இல்லை. மூத்தாள் மனம் குளிராமல் இளையாள் படியேறக்கூடாது என்பார்கள்.

மற்ற தகப்பன்களுக்கு இரண்டு வார்த்தை போதும். ஆவுடைநாயகத்துக்குப் போதுமா?

"பத்தொன்பது பொருள் கண்டிருக்கிறேன், அம்மை. எதை முதலில் வைப்பது, எதில் முடிப்பது என்றுதான் தங்களிடம் கேட்க வந்தேன். இந்தப் படம் அடிப்படையில் என்ன சொல்கிறது?"

"சம்பந்தம் முடிந்தால் உமக்கு என்ன?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "குடியிருக்கிற வீடு ஜமீனுடையது. அது வடிவு பேருக்கே ஆகிவிடும். முப்பது வருஷமாக நான் எழுதிய உரையை அச்சுப் போட்டுத் தருவதாகவும் வாக்கு."

"வடிவு என்ன சொல்கிறாள்?"

நாயகம் சிரித்தார். "நேற்று ராத்திரி படத்தைப் பார்த்தாள். 'ஏப்பா, நம்ம வீட்டுப் பாய் மூணையும் இந்தக் கட்டில்ல விரிக்கலாம் போலயே' என்கிறாள். குழந்தை."

"பத்தொன்பது வயதில் குழந்தை. சரி. துணியை எடும்."

எடுத்தார்.

ஆளுயரக் கண்ணாடிக்குள் ஒரு பெண் படுத்திருந்தாள். பெரிய தேக்குக் கட்டில். ஒருக்களித்த உடம்பு. இடது முழங்கை பட்டுத் திண்டின் மேல். கன்னம் உள்ளங்கையில். வலது கை கட்டிலின் விளிம்பில். கண்கள் பாதி மூடியிருந்தன. இடது கால் நீண்டு கிடந்தது. வலது கால் மட்டும் கட்டிலை விட்டு இறங்கி, விரல்கள் தரையில் ஊன்றியிருந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு, சாத்தியும் சாத்தாமலும். கட்டிலடியில் ஒரு வாடிய மாலை. மேலே திறந்த கூட்டில் ஒரு கிளி.

"சொல்லும். கைக்குத்தான் வேலை. காது சும்மாதான் இருக்கிறது."

நாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாதி மூடிய கண், கூடிக் களித்ததை நினைக்கும் கண். வாடிய மாலை, அவள் உடம்பின் சூடு பட்டு வாடியது. கூடு திறந்தும் கிளி பறக்கவில்லை, இந்த வீட்டை விட்டுப் போக அதற்கே மனமில்லை. கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, நெஞ்சையே திறந்து வைத்திருப்பவளுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? மொத்தத்தில் இது சோம்பல். இன்பத்தின் சோம்பல். நிறைந்த வீட்டுப் பெண்ணின் மத்தியான அலுப்பு.

அப்படியே பத்தொன்பதையும் சொல்லி முடித்தார். அம்மை முறத்தில் நாலு மடல்தான் உரித்திருந்தாள்.

"எப்படிச் செத்தாள்?"

நாயகத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "காய்ச்சல் என்றார் காரியஸ்தர்."

"வண்டிக்காரன்?"

"அவன்... மாடிப்படியில் விழுந்தாள் என்கிறான். வேலைக்காரன் பேச்சு, அம்மை. அவனுக்கு என்ன தெரியும்."

அம்மை கையிலிருந்த மடலைக் கீழே வைத்தாள். சுவரோரம் கிடந்த பலகைக் கட்டிலைக் காட்டினாள்.

"போய்ப் படும்."

"அம்மை?"

"படத்தில் இருக்கிறாளே, அப்படியே படும். நான் இந்த வாழைப்பூவை ஆய்ந்து முடிக்கிற வரைக்கும்."

"இந்த வயதில்..."

"படுப்பதற்கு என்ன வயது? மெத்தை இல்லை, தலையணை இருக்கிறது. அதைத் திண்டாக வைத்துக்கொள்ளும்."

வெளியே இருளப்பர் பார்க்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நாயகம் படுத்தார். சமையல்கட்டு வாசல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முழங்கையைத் தலையணையில் ஊன்றினார். வலது காலைத் தரையில் இறக்கினார்.

"தலையணை அமுங்குகிறது," என்றாள் அம்மை.

"ஊன்றினால் அமுங்கத்தானே செய்யும்?"

"படத்தைப் பாரும்."

பார்த்தார். பட்டுத் திண்டு புதிதாகத் தைத்ததுபோல் உப்பிக்கொண்டிருந்தது. பள்ளமில்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை. பத்தொன்பது பொருள் கண்டவர் அதைக் கண்டிருக்கவில்லை.

"அமுக்காமல் படும்."

அமுக்காமல் எப்படிப் படுப்பது? முழங்கையை லேசாகத் தூக்கினார். பாரம் எங்காவது போகவேண்டுமே. வலது கைக்குப் போயிற்று. கை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. மீதி தரையில் இருந்த காலுக்குப் போயிற்று. விரல்கள் விரிந்து ஊன்றிக்கொண்டன.

"இப்போது சரி," என்றாள் அம்மை. "கண்ணைப் பாதி மூடும். தூங்குகிறதாகத் தெரியவேண்டும்."

முறத்தைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்தாள்.

முதலில் நாயகம் பேசிக்கொண்டிருந்தார். இருபதாவதாக ஒரு பொருள்கூடத் தோன்றியது. பிறகு பேச்சு குறைந்தது. கெண்டைக்காலில் ஒரு நடுக்கம் கிளம்பித் தொடைக்கு ஏறியது.

"காலை மேலே எடுத்துக்கொள்ளட்டுமா?"

"அவள் எடுத்திருக்கிறாளா?"

கால் தரையிலேயே நின்றது. முதுகுப் பக்கம் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத பக்கமெல்லாம் காதாக மாறிவிட்டது. மடல் உரிகிற சத்தம். நரம்பை இழுத்துவிட்டுப் பூவைத் தட்டில் போடும் சத்தம். வெளியே இருளப்பர் துப்புகிற சத்தம். மறுபடி மடல். மறுபடி நரம்பு.

சத்தம் நின்றது.

அவர் காத்திருந்தார். மூச்சு விட்டால் கேட்காமல் போய்விடும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. பிறகு மண்தரையில் வெறுங்கால் ஒன்று, மெதுவாக. இன்னொன்று.

ஆவுடைநாயகம் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் படத்தின் முன்னால் முழங்காலிட்டு விழுந்தார். வலது கை உயர்ந்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

பின்னால் அம்மை நின்றாள். கையில் தட்டு.

"ஏன் எழுந்தீர்?"

"சத்தம் நின்றுவிட்டது."

"நின்றால்?"

"நீங்கள் வருகிறீர்கள் என்று..."

"வந்தால் என்ன? நான்தானே. உம்மை என்ன செய்துவிடப்போகிறேன்?"

கை இன்னும் முகத்தின் முன்னாலேயே நின்றது. சின்ன வயதில் தகப்பனாரிடம் வாங்கியதோடு சரி, அவரை யாரும் அடித்ததில்லை.

"கை தானாக வந்தது, அம்மை."

"நீர் படுத்திருந்தது ஒரு வாழைப்பூ நேரம்," என்றாள் அம்மை. "அதுவும் முழுசாக ஆயவில்லை."

நாயகம் படத்தைப் பார்த்தார். முகம் மறந்து உடம்பை மட்டும் பார்த்தார். விளிம்பைப் பிடித்த கையின் முட்டிகள் வெளுத்திருந்தன. காதோரக் கூந்தல் பின்னால் ஒதுக்கப்பட்டு, கதவுப் பக்கத்துக் காது துலக்கமாகத் தெரிந்தது. கதவில் தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தில் நாலு சின்னப் புள்ளிகள். ஆணி பிடுங்கிய துளைகள். யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

யாரோ வேறு ஆள் பேசுவதுபோல் ஒரு குரலில் சொன்னார்.

"இந்தப் படத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன், அம்மை."

"எப்போது?"

"நாலு வருஷத்துக்கு முன்னால். படம் எழுதி முடித்த மாதம். ஜமீன் கூடத்தில் வைத்துப் பொருள் சொல்லக் கூப்பிட்டார்கள். பெரிய கூட்டம். பெண்டுகள் எல்லாம் மூங்கில் தட்டிக்குப் பின்னால்."

"அவளும் இருந்தாளா?"

"இருந்தாள். நான் முடித்ததும் ஒரு வேலைக்காரி வந்தாள். நாச்சியார் கேட்கச் சொன்னார் என்றாள்." நாயகம் நிறுத்தினார்.

"என்ன கேட்டாள்?"

"'எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னீர்கள். அந்தக் காலைப் பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லையே' என்று."

அம்மை தட்டைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீர்?"

"உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை. நாயகன் வருகிற காலடி கேட்டதும், உடம்பு எழுவதற்கு முன்னால் ஆசை எழுந்துவிட்டது, அந்த ஆசைதான் தரையில் நிற்கிறது என்றேன். கூடமே கைதட்டியது. ஜமீன்தார் எழுந்து வந்து பொன்னாடை போர்த்தினார்."

"அவள்?"

"தட்டிக்குப் பின்னால் சத்தமே இல்லை. நாணம் என்று சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்."

வாசலில் மாடு தலையை ஆட்டியது. கழுத்து மணி சிணுங்கி ஓய்ந்தது.

"அந்த ஓவியனுக்குத் தெரிந்திருந்தால்," என்றார் நாயகம், "வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?"

"ஜமீன் சோற்றைத் தின்றுகொண்டு எந்த வாயால் சொல்லுவான்? திண்டை அமுக்காமல் வரைந்தான். ஆணித் துளையை விடாமல் வரைந்தான். மீதி பார்க்கிறவன் பாடு என்று போய்விட்டான்."

"பார்த்தவன் நான்."

"ஆமாம். நீர்தான் பார்த்தீர்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மனம் என்று ஒன்று இருக்கிறதே, அது எந்தச் சந்திலாவது புகுந்து தப்பிக்கத்தான் பார்க்கும். அச்சில் ஏறிய உரை கண் முன்னால் வந்தது. வீடு வந்தது. நிமிர்ந்தார்.

"ஒருவேளை ஓவியனின் கைப்பிசகாகவும் இருக்கலாம், அம்மை. திண்டுக்கு நிழல் போடத் தெரியாதவனாக இருக்கலாம். ஒரு படத்தை வைத்து ஒரு மனிதரைப் பற்றி..."

"இருக்கலாம்," என்றாள் அம்மை. "ஆள் அனுப்பி வடிவை வரச் சொல்லும். அந்தக் கட்டிலில் அவளை இப்படியே படுக்க வையும். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருபதாவது பொருளை எழுதும்."

நாயகத்தின் பார்வை அந்தப் பலகைக் கட்டிலுக்குப் போய், உடனே திரும்பியது.

அந்த நேரம் பார்த்து இருளப்பர் உள்ளே வந்தார். உதட்டோரம் வெற்றிலைச் சாறு. கையில் பூமாலை சுற்றிய வாழையிலைப் பொட்டலம்.

"என்னங்கய்யா, முடிஞ்சுதா? வெயில் ஏறுது. மூத்தாள் சொல்ல இங்கயே சொல்லிருங்க. குரு முன்னால சொன்னா இன்னும் விசேஷம். பூவைப் போட்டுட்டு நான் கிளம்பணும்."

நாயகம் படத்தின் முன்னால் எழுந்து நின்றார். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

"சொல்லுங்க."

மகராசி என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம். கேட்ட மாத்திரத்தில் வார்த்தை வரிசையில் வந்து நின்றுவிடும். அவர் வாயை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"என்னய்யா, பெருசா யோசிக்கிறீங்க? எசமான் உங்க பேச்சுக்காகத்தான் மத்த வீட்டையெல்லாம் விட்டுட்டு முதல்ல இங்க அனுப்பினாங்க. ரெண்டே வார்த்தை போதும். நல்லா வாழ்ந்தாங்கன்னு சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை.

இருளப்பர் அம்மையைப் பார்த்தார். அம்மை தட்டிலிருந்த பூவை மோரில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாய்ல கொழுக்கட்டையா?" இருளப்பரின் குரல் மாறிவிட்டது. "பூ கையில இருக்கு. இத வாடவிட்டா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? குடியிருக்கிற வீடு யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

நாயகம் படத்தில் தரையில் ஊன்றிய காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசியா கேக்கேன்."

மாட்டின் மணி மட்டும் கேட்டது.

இருளப்பர் மாலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிருங்க. சாவிய வண்டிக்காரன்ட்ட குடுத்திருங்க." வெளியே பார்த்துக் கத்தினார். "ஏலே, வந்து ஒரு கை பிடி!"

வண்டிக்காரன் வந்தான். துணியைச் சுற்றினார்கள். முதலில் முகம் மறைந்தது, பிறகு திண்டு, கடைசியில் கால்.

"பொண்ணுக்கா பஞ்சம்?" படத்தைத் தூக்கியபடியே இருளப்பர் சொல்லிக்கொண்டு போனார். "கருங்காட்டுல திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் இருக்காரு. பொண்ணுக்குப் பதினேழு. அந்த மனுசனுக்கு இந்தப் பொருளு, விளக்கமெல்லாம் கிடையாது. மகராசிம்பாரு, பூவைப் போடுவாரு. சாயங்காலத்துக்குள்ள காரியம் முடிஞ்சிரும்."

வண்டி அசைந்து கிளம்பியது.

அதற்குப் பிறகுதான் நாயகம் படம் இருந்த இடத்தை விட்டு நகர்ந்தார். பலகைக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். வீடு போயிற்று. உரையைச் செல்லரிக்கும். போகட்டும். கண்ணில் தண்ணீர் கோத்தது, நெஞ்சு லேசாகிவிட்டது. இப்படி ஒரு லேசை அவர் எந்தச் சபையிலும் அறிந்ததில்லை.

"தப்பித்தாள், அம்மை."

"யார்?"

"வடிவு."

அம்மை முறத்தைத் தட்டி, உதிர்ந்து கிடந்த நரம்பையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாள்.

நாயகம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வண்டி எழுப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை.

"கருங்காட்டு வாத்தியாரை எனக்குப் பழக்கம்கூட இல்லை," என்றார். "நான் போய் என்ன சொல்ல முடியும்? ஜமீன் சம்பந்தத்தைக் கெடுக்க வந்தவன் என்பார். தன் பெண்ணுக்கு வாய்க்காத வயிற்றெரிச்சல் என்பார். எனக்கும் ஐம்பத்தெட்டு வயதாகிறது, அம்மை. ஒரு காதம், இந்த வெயிலில்."

அம்மை எழுந்து போய்க் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கண்ணாடி போட்ட படம். வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். இப்போதே நடந்தீரானால் முந்திவிடலாம்."